பழைய ஸ்போர்ட் டூரிங் பைக் வாங்கலாமா? முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

விற்பவர் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. பெரிய ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறை), இரண்டு பக்கமும் பெட்டி, அகலமான சீட். சாவி கைக்கு வருவதற்கு முன்பே நீங்கள் மனதுக்குள் அதை ஓட்டத் தொடங்கியிருப்பீர்கள். அந்த நேரத்தில் யார் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவற்றில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்போர்ட் டூரிங் வகை வண்டியிடம் நாம் இரண்டு விஷயம் எதிர்பார்க்கிறோம். வளைவுகளில் சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும். ஒரே நாளில் 600 கிலோமீட்டர் போனாலும் இறங்கும்போது முதுகு நிமிர வேண்டும். 1976-ல் பிஎம்டபிள்யூ முழு ஃபேரிங்கோடு ஆர் 100 ஆர்எஸ் வண்டியைக் கொண்டுவந்தபோது, நெஞ்சில் காற்றை வாங்காமல் நாள் முழுக்க வேகமாகப் போக முடியும் என்பது பலருக்கும் தெரிந்தது. பிறகு ஹோண்டா எஸ்டி 1100, யமஹா எஃப்ஜேஆர் 1300, கவாஸாகி 1400 ஜிடிஆர், டிரையம்ஃப் ஸ்பிரின்ட் என்று ஒரு பெரிய குடும்பமே உருவானது. புதிதாக வாங்கினால் விலை அதிகம். சில வருடங்களில் நன்றாக இறங்கிவிடும். வாங்கியவர்களும் பெரும்பாலும் தூரம் போவதற்காக வாங்கியவர்கள், வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். பழைய பைக் வாங்க வேண்டும் என்றால் இதைவிடப் பயனுள்ள வகை குறைவு என்பது என் எண்ணம். சிக்கல் என்னவென்றால், இந்த வண்டிகளில் கெட்டுப்போகிற பாதி விஷயங்கள் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கின்றன. துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா

போன வருடம் எத்தனை தடவை ஒரே நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். போக விரும்பியதைச் சேர்க்காதீர்கள், போனதை மட்டும் எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ என்றால், வருடத்தின் மீதி நாள் எல்லாம் இந்த எடையைத் தள்ளிக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கும். தினமும் வேலைக்கு நெரிசலில் போய் வருவதுதான் முக்கிய உபயோகம் என்றால் வேறு வண்டி பாருங்கள். பெரிய இன்ஜினின் சூடு ஃபேரிங் வழியாக முழங்காலில் இறங்கும். பெட்டிகளோடு வண்டி எவ்வளவு அகலம் என்பது இரண்டு கார்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போதுதான் தெரியும்.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் நிரப்பிய எஃப்ஜேஆர் 1300 ஏறக்குறைய 290 கிலோ. 1400 ஜிடிஆர் 300 கிலோவைத் தாண்டும். ஓடும்போது இந்த எடை ஆச்சரியப்படும்படி மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் சரிவான இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, திருப்பி எடுக்கும்போது முழுசாகத் திரும்பி வரும். நீங்கள் இதுவரை ஓட்டியது 150, 180 கிலோ வண்டி என்றால் நேராக 300 கிலோவுக்குத் தாவாதீர்கள். 2015-ல் வந்த யமஹா டிரேஸர் 900 சுமார் 210 கிலோ. ஹோண்டா விஎஃப்ஆர் 800, கவாஸாகி இசட் 1000 எஸ்எக்ஸ் இரண்டும் நடுவில் இருக்கின்றன, தோராயமாக 230, 240 கிலோ. புதியவர்களுக்கு இந்த நடு எடையைத்தான் நான் சொல்வேன்.

பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்களா? அப்படியானால் வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். பின்சீட்டில் உட்கார்ந்து, கால் வைக்கும் இடம், பிடித்துக்கொள்ளும் இடம் எல்லாம் வசதியா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வண்டி தாங்கும் மொத்த எடை கையேட்டில் இருக்கும். இரண்டு பேர், உடை, ஹெல்மெட், மூன்று பெட்டி நிறையச் சாமான் என்று கூட்டினால் அந்த எல்லையைத் தொடுவது ரொம்பச் சுலபம். பக்கப் பெட்டி ஒன்றுக்கு 10 கிலோ வரைதான் என்று பல தயாரிப்பாளர்கள் போட்டிருக்கிறார்கள். பெட்டிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம்.

ஷாஃப்டா, செயினா

இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது செயினாக இருக்கலாம், அல்லது ஷாஃப்ட் என்னும் சுழலும் தண்டாக இருக்கலாம். பெரிய வண்டிகளில் பல ஷாஃப்ட் வைத்தவை: எஸ்டி 1100, எஸ்டி 1300, எஃப்ஜேஆர், 1400 ஜிடிஆர், பிஎம்டபிள்யூவின் ஆர்டி வரிசை. எடை குறைந்தவற்றில் பெரும்பாலும் செயின். பயணத்தில் ஒவ்வொரு 500, 600 கிலோமீட்டருக்கும் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்ற தொல்லை ஷாஃப்டில் இல்லை. பின்பக்கக் கியர்பாக்ஸில் ஏறக்குறைய 200 மில்லி ஆயில், அதைக் காலத்தில் மாற்றினால் போதும். ஆனால் ஷாஃப்ட் கெட்டுப்போனால் செலவு பெரியது. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்துபோனால் ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடலாம். ஆகவே ஷாஃப்ட் வண்டி என்றால் முந்தைய பராமரிப்பைக் கூடுதலாகத் தோண்டிக் கேளுங்கள். டயர் மாற்றும்போதெல்லாம், பற்கள் கோர்த்துக்கொள்ளும் ஸ்ப்ளைனில் கிரீஸ் வைத்தார்களா என்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்து டேப்பெட் சர்வீஸ், அதாவது இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பது. இந்த வேலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டிக்கு வண்டி மிகவும் மாறும். எஃப்ஜேஆரில் சுமார் 42,000 கிலோமீட்டர். ஹோண்டா எஸ்டி 1300-ல் 26,000-ஐ ஒட்டி. பிஎம்டபிள்யூ பாக்ஸர் இன்ஜினில் 10,000-க்கு ஒரு முறை. ஆனால் அதன் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடியைக் கழற்றுவது சுலபம். நான்கு சிலிண்டர் வண்டியில் இடைவெளியைப் பார்க்கவே ஃபேரிங், டேங்க், காற்றுப் பெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ‘40,000 ஓடியது, அருமையான கண்டிஷன்’ என்று விற்கப்படும் வண்டி, அந்தப் பெரிய சர்வீஸுக்கு 2,000 கிலோமீட்டர் முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். விற்கும் காரணம் சில சமயம் அதுதான்.

கிளம்புவதற்கு முன் போனில்

இரண்டு நாள் அலைச்சலைப் பத்து நிமிடப் பேச்சு மிச்சப்படுத்தும். அந்த மாடலின் கையேட்டை முன்பே படித்துவிடுங்கள். சர்வீஸ் அட்டவணை உங்கள் கையில் இருந்தால் கேள்விகள் தானாக வரும். எத்தனை பேர் கைமாறியது, சர்வீஸ் ரசீதுகள் உண்டா, கடைசியாக பிரேக் ஆயில் எப்போது மாற்றியது, டயர் எப்போது போட்டது, பெட்டிகளுக்கும் வண்டிக்கும் ஒரே சாவியா, இரண்டாவது சாவி இருக்கிறதா. இவையெல்லாம் வழக்கமான கேள்விகள்.

நான் தவறாமல் கேட்பது இன்னொன்று: “கடைசியாக இதில் நீண்ட தூரம் எப்போது போனீர்கள்?”

“போன மாதம்” என்று சொல்லி, போன இடத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். “அது ஆச்சு, மூணு நாலு வருஷம். வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிடுவேன்” என்று வந்தால் கவனமாக இருங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். ஓடவிட்டது நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பார்; வண்டிக்கு அது நல்லதாக முடியவில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் பெரிய வண்டி 12 வருடப் பழையது, ஓடியது வெறும் 11,000 கிலோமீட்டர். உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். கீறல் இல்லை, தூசி இல்லை. அதே வாரத்தில் 80,000 ஓடிய இன்னொரு வண்டியையும் பார்த்திருந்தேன். ஒரு கட்டு ரசீது, தேய்ந்த கைப்பிடி ரப்பர், ஃபேரிங்கின் முன்புறம் முழுக்கக் கல் பட்ட புள்ளிகள். விலையும் குறைவு. நான் 11,000-ஐ வாங்கினேன். இரண்டாவது வாரம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிந்தது. டயரில் ஆழம் அப்படியே இருந்தாலும் ரப்பர் கல்லாகிப்போயிருந்தது, ஈரச் சாலையில் வழுக்கியது. முன் பிரேக்கின் பிஸ்டன்கள் இறுகிப்போய், பிரேக் பேட் டிஸ்கை விட்டு விலகவில்லை. டேங்கின் அடியில் துரு, அந்தத் துரு போய் அடைத்த ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் செலவு. கூலண்ட் ஹோஸ் ஒன்று இணைப்பில் வியர்த்தது. ஆறு மாதத்தில், கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு மறுபடி செலவானது. 80,000 வண்டியை வாங்கியவர் அந்த வருடக் கோடையில் அதில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒழுங்காக சர்வீஸ் செய்த பெரிய டூரிங் இன்ஜினுக்கு 1,00,000 கிலோமீட்டர் பெரிய வயது இல்லை. நிற்பதுதான் ரப்பரையும் சீலையும் பெட்ரோல் பாதையையும் கெடுக்கிறது. குறைந்த கிலோமீட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்க நினைக்கும்போது, வருடத்துக்கு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். வருடம் 5,000 முதல் 10,000 வரை, அதுவும் விடாமல் ஓடியிருந்தால் எனக்கு நிம்மதி. முதல் இரண்டு வருடம் ஓடி, பிறகு எண் நகரவே இல்லை என்றால் அது வேறு கதை. ரசீதுகளில் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும்.

வண்டியின் முன்னால்

“நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்” என்று முன்பே சொல்லி வையுங்கள். போனதும் உள்ளங்கையை இன்ஜின் மேல் வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைத்திருக்கலாம். காரணம் கேளுங்கள், ஆறும் வரை காத்திருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மழையில் வேண்டாம். ஈரமான பெயின்ட் எல்லாவற்றையும் அழகாக்கிவிடும்.

முதல் சுற்று விழுந்த தடயம் தேடுவது. இவ்வளவு எடை உள்ள வண்டியை யாராவது ஒரு முறையாவது நின்ற இடத்தில் சாய்த்திருப்பார்கள். அது பெரிய குற்றம் இல்லை. ஓட்டத்தில் விழுந்ததையும் நின்று சாய்ந்ததையும் பிரித்தறிய வேண்டும், அவ்வளவுதான். குனிந்து கீறலின் திசையைப் பாருங்கள். நின்று சாய்ந்தால் பெட்டியின் மூலை, கண்ணாடியின் முனை, ஹேண்டில்பார் நுனி என்று வெளியே நீட்டிய இடங்களில் சின்னதாக, ஒரே இடத்தில் நசுங்கியது போல இருக்கும். ஓட்டத்தில் விழுந்து இழுபட்டிருந்தால் முன்னிருந்து பின்னாக நீண்ட, இணையான கோடுகள் ஓடும். பிரேக் லீவர் நுனியில் உள்ள உருண்டை ஒரு பக்கம் மட்டும் தட்டையாக அரைபட்டிருக்கும். ஒரு பக்க ஃபேரிங் மட்டும் புதிதாக இருந்தாலோ, இரண்டு பக்கத்து நிறமும் சற்றே வேறுபட்டாலோ கேளுங்கள்.

அதோடு நிற்காமல் ஹேண்டிலைக் கடைசி வரை திருப்பி, ஃபோர்க் போய் முட்டும் இடத்தைச் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபிரேமில் ஒரு சிறிய முளை இருக்கும். அது நசுங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் முன்சக்கரம் பலமாக எதிலோ மோதித் திரும்பியிருக்கிறது. ஃபேரிங்கைப் புதிதாக மாற்றுபவர்கள்கூட இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. இதைக் கண்டால் நான் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

சேஸிஸ் எண் பொதுவாக ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். பதிவு ஆவணத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 எழுத்து. அதே எண்ணை வைத்து ரீகால் (தயாரிப்பாளரே திரும்ப அழைத்துக் குறையைச் சரிசெய்வது) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்கலாம். உதாரணமாக, 2003-க்கும் 2011-க்கும் இடையில் செய்த பல பிஎம்டபிள்யூ ஷாஃப்ட் வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய ஃபிளேஞ்சை மாற்ற 2015-ல் ரீகால் வந்தது. செய்ததற்கான பதிவு இருக்க வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. ஆறு, ஏழு வருடம் தாண்டியிருந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் நேர்ச் சாலையில் நிறைய ஓடியது. டூரிங் வண்டிக்கு அது இயல்பு.

பிரேக் டிஸ்கில் விரலை ஓட்டுங்கள். ஓரத்தில் மேடு தட்டினால் நடு தேய்ந்திருக்கிறது. இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். ஹேண்டிலில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் சின்ன ஜன்னல் வழியாக ஆயிலின் நிறம் பாருங்கள்: வெளிர் மஞ்சள் நல்லது, தேநீர் நிறம் என்றால் பல வருடமாக மாற்றவில்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஹோண்டாவின் எஸ்டி, விஎஃப்ஆர் போன்றவற்றில் முன், பின் பிரேக் இணைந்து வேலை செய்யும் அமைப்பு பல வருட மாடல்களில் உண்டு. அவற்றில் ஆயில் மாற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது நீண்ட வேலை, அதனால் தள்ளிப்போட்டிருப்பார்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1150 ஆர்டியில் மின் பம்ப் வைத்த சர்வோ பிரேக் வந்தது. பிரேக் பிடித்தால் ‘உய்ங்’ என்று சத்தம் கேட்கும். பழகாதவர் பயந்துவிட வேண்டாம். ஆனால் அந்த அமைப்பைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லை என்றால் அந்த மாடலையே தவிர்க்கலாம்.

இப்போது சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். நீங்களே போட்டுப் பாருங்கள், அதுவும் ஒரு பரிசோதனைதான். பின்சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரியக் கூடாது. ஷாஃப்ட் வண்டியில், பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மும் கியர்பாக்ஸும் சேரும் ரப்பர் உறையில் ஆயில் ஈரம் இருக்கக் கூடாது. செயின் வண்டியில் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லிலிருந்து நன்றாகத் தூக்கினால் செயின் முடிந்தது. பிறகு ஒருவர் வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். நேராக வரும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்தது போலத் தட்டினால், ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங் போய்விட்டது.

ஃபோர்க் குழாயைத் துடைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்து நாலு முறை அமுக்கிப் பாருங்கள். மறுபடி விரலை ஓட்டினால் ஆயில் வளையம் வரக் கூடாது. பின்சீட்டை அமுக்கிவிட்டால் ஒரே முறை மேலே வந்து நிற்க வேண்டும். குதித்துக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் தீர்ந்துவிட்டது. 50,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் அதை எதிர்பார்த்தே போகலாம்.

ஸ்டார்ட் செய்த பிறகு

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவி போடாமல் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது 13.5 முதல் 14.5-க்குள். 13-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. விஎஃப்ஆர்களில் ரெகுலேட்டர் சூடேறிப் போவது பழைய புகார். சில நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத சாலையில் போய்த்தான் அது தன் வேலையைக் காட்டும். முந்தையவர் பொருத்திய கூடுதல் விளக்கு, சார்ஜர், சூடாகும் கைப்பிடி எல்லாம் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று சீட்டைத் தூக்கிப் பாருங்கள். ஃபியூஸ் வைத்து ஒழுங்காகக் கட்டிய வயர் ஒரு விதம். டேப் சுற்றி எங்கெங்கோ ஓடும் வயர் இன்னொரு விதம். அவர் மற்ற வேலைகளை எப்படிச் செய்திருப்பார் என்பதும் அங்கேயே தெரியும்.

குளிர்ந்த இன்ஜின் கிளம்பியதும் முதல் ஒரு நிமிடம் பேசாமல் கேளுங்கள். சின்னத் தட்டல் கேட்டு, சூடானதும் அடங்கினால் பரவாயில்லை. செயின் உரசுவது போன்ற கலகலப்பு நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜினுக்குள் இருக்கும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சாதாரணம்; சூடான பிறகும் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை ஓடவிடுங்கள். சிலர் அதற்குள் “போதுமா?” என்பார்கள். போதாது. ஃபேன் சுற்றி, நின்று, வெப்பமானி இறங்குவதைப் பார்த்தால்தான் குளிரூட்டும் பகுதி முடிந்தது.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் விளக்கு சாவி போட்டதும் எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏபிஎஸ் யூனிட் மாற்றுவது பெரிய செலவு. மின்சாரத்தில் ஏறி இறங்கும் விண்ட் ஷீல்டு, இரண்டு பெட்டிகளின் பூட்டு, எல்லாச் சுவிட்சும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். தெருவை ஒரு சுற்று சுற்றி வருவதில் ஒன்றும் தெரியாது. விற்பவர் தயங்கினால் முழுத் தொகையையோ உங்கள் வண்டியையோ அவரிடம் விட்டுச் செல்லலாம். அவருடைய தயக்கமும் நியாயம்தான். காப்பீடு உங்களுக்குப் பொருந்துமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

மேல் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று முழுதாக முறுக்குங்கள். சுற்று எகிறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது கியரில் பலமாக இழுத்துப் பாருங்கள், கியர் தானாக வெளியே வந்துவிடக் கூடாது. வேகத்தைக் குறைக்கும்போது கையில் நடுக்கம் இருந்தால் டயரோ கழுத்து பேரிங்கோ. முன் பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. திரும்பி வந்து நின்றதும், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிய கடைசி சில நிமிடங்களுக்குப் பிறகு, ஒவ்வொரு டிஸ்கின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பேட் விடவில்லை.

இதெல்லாம் வண்டியைப் பற்றி. உங்களையும் கவனியுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, மணிக்கட்டில் எடை விழுகிறதா, விண்ட் ஷீல்டு தள்ளிவிடும் காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து அடித்து அதிர்கிறதா. இருபதாவது நிமிடத்தில் லேசாக வலித்தால் ஐந்தாவது மணி நேரத்தில் அந்த வண்டியை வெறுத்துவிடுவீர்கள். சீட்டும் விண்ட் ஷீல்டும் மாற்றலாம்தான், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

அங்கேயே பேரம் பேசாதீர்கள். “யோசித்துச் சொல்கிறேன்” என்று வந்து, ஒரு தாளில் முதல் 12 மாதத்தில் கட்டாயம் ஆகும் செலவை எழுதுங்கள். இரண்டு டயர், எல்லா ஆயிலும் கூலண்டும், பிரேக் பேட், பேட்டரி, நெருங்கிவரும் டேப்பெட் சர்வீஸ், காப்பீடு, பெயர் மாற்றம். ஒவ்வொன்றுக்கும் உண்மையான விலையை மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள். பெட்டி ஒன்று இல்லாமல் விற்றால் அந்தப் பெட்டியின் விலையைத் தனியாக விசாரியுங்கள். அசல் பெட்டி அதிர்ச்சி தரும் விலையாக இருக்கும், பழைய மாடல்களுக்குக் கிடைக்காமலும் போகலாம்.

வண்டி விலையோடு இந்தத் தொகையைக் கூட்டி வருவதுதான் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை. மலிவான வண்டியும் விலை கூடிய வண்டியும் இந்தக் கணக்கில் இடம் மாறிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பேரம் பேசும்போதும் இந்தத் தாள் உதவும். “கொஞ்சம் குறைங்க” என்பதைவிட “டயர் 2016-ல் செய்தது, இரண்டையும் மாற்ற இவ்வளவு ஆகும்” என்று சொன்னால், நியாயமான விற்பவர் ஒத்துக்கொள்வார். என் வழக்கம், கையில் உள்ள மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்குள் வண்டி தேடுவது. கடைசிக் காசு வரை வண்டிக்குக் கொடுத்துவிட்டால், முதல் சர்வீஸைத் தள்ளிப்போடும் இன்னொரு உரிமையாளராக நீங்களே ஆகிவிடுவீர்கள்.

சந்தேகம் மிச்சம் இருந்தால், வாங்குவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து ஒரு முறை காட்டுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவே இல்லை என்றால், அல்லது ஆவணத்தில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரும் வேறு வேறு ஆள் என்றால், அல்லது “இன்னொருத்தர் சாயங்காலம் பணத்தோடு வர்றார்” என்று அவசரப்படுத்தினால், விட்டுவிடுங்கள். இந்த வகை வண்டிகள் ஆயிரக்கணக்கில் விற்றவை. அடுத்தது வரும்.

வாங்கியாயிற்று என்றால், சரி, அன்றே தொலைதூரப் பயணத்துக்குத் திட்டம் போடாதீர்கள். எது எப்போது மாற்றியது என்று விற்பவர் சொல்லியிருந்தாலும், ரசீது இல்லாதவற்றை மாற்றப்படாதவை என்றே எடுத்துக்கொண்டு இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், ஷாஃப்ட் ஆயில் எல்லாவற்றையும் புதிதாக ஊற்றுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி சீட்டுக்குக் கீழே வையுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டிலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஓட்டுங்கள், ஒவ்வொரு முறை வந்ததும் கீழே தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். வெற்றுப் பெட்டிகளோடு ஒரு நாள், சாமான் ஏற்றி ஒரு நாள், பின்னால் ஆளோடு ஒரு நாள். காலியான வாகன நிறுத்தத்தில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பி எட்டுப் போட்டுப் பழகுங்கள், அரைக் கிளட்சில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு. நிறையப் பேர் வண்டியைச் சாய்ப்பது நெடுஞ்சாலையில் இல்லை, பெட்ரோல் நிரப்பிவிட்டுத் திரும்பும் அந்தப் பத்தடிக்குள்தான்.